கண்ணாடி மூடிய கிணறும் உப்புப் பூக்கும் சுவரும்: பறங்கித் தெரு வீட்டில் நாலரை வருடம்

யாழ்ப்பாணம் பிரதான வீதிக்கும் கடற்கரைக்கும் இடையில் ஓடும் குறுக்குத் தெருக்களில் ஒன்றில், ஒரு பழைய மாடி வீட்டைத் திருத்தி, நாலு குடியிருப்பாகப் பிரித்து, சொகுசு இல்லம் என்று பலகை மாட்டி வாடகைக்கு விட்டார்கள். 2021 தை மாதக் கடைசியில் கீழ்த்தளத்துத் தென்பக்க வீட்டுக்கு நாங்கள் குடிவந்தோம். நான், இவர், எழுபது தாண்டிய என் அம்மா. எனக்கு வேலை கொழும்புக் கணக்காய்வு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே. ஆகவே இந்த வீட்டை ஒரு நாளில் இருபது மணித்தியாலத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டிருக்கிற ஆள் நான்தான். வாடகை எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். இதே காசுக்குக் கோண்டாவில் பக்கம் மாமரம் நிற்கிற வளவோடு முழு வீடே எடுக்கலாம், அவ்வளவுதான் சொல்வேன்.

முதலில் இடம். 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கீசரிடமிருந்து கோட்டையைப் பிடித்த பிறகு, கோட்டைக்குக் கிழக்கே நேர்நேராகத் தெருக்கள் ஓடுகிற நகரம் ஒன்று வளர்ந்தது. ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் குடியிருந்ததால் பழைய ஆட்களுக்கு இது இப்போதும் பறங்கித் தெரு. எங்கள் வீடும் ஒல்லாந்தர் காலத்தது என்றுதான் தரகர் சத்தியம் செய்தார். தரகர்மார் வாயில் தூண் வைத்த வீடெல்லாம் ஒல்லாந்தர் வீடுதான். என் கண்ணுக்கு இது பிரித்தானியர் காலத்துக் கட்டடம், மேல்மாடி இன்னும் பிந்தியது. அம்மா ஓட்டோவை விட்டு இறங்கி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது பழைய சுருட்டுக் கிட்டங்கி மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அதுவும் பிழையில்லை, கீழ்த்தளத்தின் முன்பாதி ஒரு காலத்தில் சாமான் அடுக்கிய இடம்தானாம்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சுவர் ரெண்டடி மொத்தம், முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கலந்து கட்டியது. கூரை பதினாலடி உயரத்தில். குறுக்கே போகிற வளைகள் வைரம் பாய்ந்த பனை, கறுப்புக் கோடு ஓடுகிற மரம். திருத்தியவர்கள் அதற்கு வார்னிஷ் பூசாமல் எண்ணெய் மட்டும் போட்டு விட்டிருக்கிறார்கள், அந்தப் புத்திக்கு ஒரு கும்பிடு. முன்வாசலில் முதிரைக் கதவு, பழைய இரும்புக் கொண்டியோடு. கொண்டி விழுகிற சத்தத்திலேயே இவர் வந்துவிட்டார் என்று அடுப்படியில் இருந்தே தெரியும். தரை பழைய சிவப்புச் சீமெந்து. வெடித்த இடங்களை மறைக்காமல் அதே நிறத்தில் இழைத்து மினுக்கியிருக்கிறார்கள். வெயில் காலத்தில் அம்மா மத்தியானம் பாயும் இல்லாமல் வெறுந்தரையில் படுப்பார்.

ஆனால் அந்தப் பனை வளைக்கு மேலே பலகை, பலகைக்கு மேலே மாடிக்காரர் வீடு. அவர்கள் கதிரை இழுத்தால் எங்கள் தலைக்குள் இழுத்த மாதிரி. நல்ல சனங்கள், சொன்னதும் கதிரைக் கால்களுக்கு றப்பர் போட்டார்கள். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் காலுக்கு றப்பர் போட முடியாதே.

குசினி பற்றி ஒரு பந்தி போதும். திறந்த குசினி, அதாவது வரவேற்பறையும் அதுவும் ஒன்று. கருங்கல் மேடை, புகை இழுக்கிற மெஷின், மின்னடுப்பு எல்லாம் உண்டு. படத்தில் வடிவு. இந்த வடிவத்தை வரைந்தவர் வீட்டில் ஒரு தரமாவது மிளகாய்த்தூள் வறுத்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டார். முதல் முறை அம்மா செத்தல் வறுத்தபோது கொழும்பு மேலாளரோடு நான் காணொளிக் கூட்டத்தில் இருந்தேன். இருமல் தாங்காமல் மைக்கை அடைத்துவிட்டு விறாந்தைக்கு ஓடினேன். புகை இழுக்கிற மெஷின் பாண் வாட்டுகிற சனத்துக்குச் செய்தது. இப்போது தூள் வறுப்பதும் மீன் பொரிப்பதும் பின்முற்றத்தில் காஸ் அடுப்பில். அந்தக் கருங்கல் மேடையில் அம்மா வெற்றிலைத் தட்டம் வைத்திருக்கிறார்.

தண்ணீர்க் கதை பெரிது. யாழ்ப்பாணத்து நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல், தண்ணீர் கடினம். அதோடு எங்கள் பக்கம் கடனீரேரிக் கரை, கிணற்றுத் தண்ணீர் உவர். இப்படியொரு தண்ணீருக்கு, மழைத்தூறல் மாதிரிக் கொட்டும் தட்டையான பெரிய ஷவரை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துப் பூட்டியிருக்கிறார்கள். நாலாம் மாதம் பாதித் துளை அடைத்துவிட்டது, மீதித் துளை தண்ணீரைச் சுவருக்கு அடித்தது. கழற்றி ஓர் இரவு வினாகிரியில் ஊறப்போட்டு, காலையில் பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் வெள்ளைக் கட்டி உதிரும். இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் இதைச் செய்கிறேன். சுடுதண்ணீர்த் தாங்கியின் சுருள் மூன்று வருடத்தில் போய்விட்டது. வெளியே எடுத்தபோது முருகைக்கல் மாதிரி வெள்ளையாகப் பொருமிப் போய் இருந்தது. குடிக்கிறதற்கு இன்றைக்கும் போத்தல் தண்ணீர்தான். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆவணியில் திறந்தபோது அம்மா மிகவும் சந்தோஷப்பட்டார். எங்கள் கட்டடத்துக்குள் இன்னும் அந்தக் குழாய் வரவில்லை.

இனிச் சுவர். இந்த வீட்டைப் பற்றி நான் எழுத நினைத்ததற்கே காரணம் என் படுக்கை அறையின் மேற்குச் சுவர்தான்.

குடிவந்தபோது அது பளிங்கு மாதிரி இருந்தது. சீமெந்துப் பூச்சு, மேலே விலையுயர்ந்த இமல்ஷன், மங்கலான மஞ்சள் நிறம். முதல் மாரி முடிந்து, 2022 மாசியில் வெயில் ஏறத் தொடங்கியபோது முழங்கால் உயரத்தில் பெயின்ற் சின்னச் சின்னக் கொப்புளமாகப் பொங்கியது. விரலால் தொட்டால் உடைந்து, உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளைத் தூள். கூட்டினேன். அடுத்த கிழமை திரும்பவும். பங்குனிக்குள் கட்டிலுக்குப் பின்னால் ஒரு கோடு வரைந்த மாதிரிச் சுவர் நீளத்துக்கு உதிர்ந்துவிட்டது. மழையில் சுவர் நன்றாகத்தான் இருக்கும், காய்கிற காலத்தில்தான் பூக்கும். இது முதலில் எனக்கு விளங்கவே இல்லை. நான் கூரை ஒழுக்கு, குழாய் ஒழுக்கு என்று எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன்.

பராமரிப்புக்குப் பொறுப்பானவர்களுக்குச் சொன்னோம். ஆள் அனுப்பினார்கள். சுரண்டி, ஈரத்தடைப் பெயின்ற் பூசிவிட்டுப் போனார்கள். அடுத்த வருடம் அதே கதை, ஆனால் இந்தத் தரம் இடுப்பு உயரத்தில். திரும்பச் சுரண்டினார்கள், திரும்பப் பூசினார்கள், இன்னும் தடிப்பாக. அதற்கடுத்த வருடம் உப்பு மின்குமிழ் ஆளிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. நீங்கள் அறையைக் காற்றோட்டமாக வைத்திருப்பதில்லை என்று எனக்கே குற்றம் எழுதிக் கடிதமும் வந்தது. ஜன்னலைத் திறக்க முடியாதபடி ஏசிக்காகச் சீல் வைத்தவர்களும் அவர்கள்தான்!

கடைசியில் இவருடைய பள்ளிக்கூடத்து வேலைக்கு வந்த ஒரு வயதான மேசன் ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அவர் சைக்கிளை விறாந்தைத் தூணில் சாத்திவிட்டு, அறைக்குள் வந்து, மேசன் கரண்டியின் பிடியால் சுவரை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். இடுப்பு உயரத்துக்கு வந்ததும் சத்தம் மாறியது, வெறும் பெட்டியைத் தட்டுகிற சத்தம். ஒரு துண்டைக் கிள்ளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"பிள்ளை, இது உப்பு. நல்ல கறியுப்பு."

"எங்கையிருந்து ஐயா வருது?"

"நிலத்திலை இருந்துதான். கல்லுச் சுவர் தண்ணியை உறிஞ்சும், அது அதின்ரை குணம். முந்தி சுண்ணாம்பு பூசியிருந்தவை, வந்த தண்ணி அதுக்காலை ஆவியாப் போயிடும். இப்ப இவங்கள் சீமெந்து பூசி, அதுக்கு மேலை றப்பர் மாதிரி ஒரு பெயின்றும் அடிச்சிருக்கிறாங்கள். வேர்க்கிற ஆளுக்கு மழைக்கோட்டுப் போட்டுவிட்ட மாதிரி. தண்ணி வெளியாலை போக வழியில்லாமல் மேலை மேலை ஏறுது."

பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தேன், மனுசன் சொன்னது அச்சொட்டு. பழைய சுவர்களுக்கு அடியில் ஈரம் ஏறாமல் தடுக்கிற படை கிடையாது. கடனீரேரிக் கரையில் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். மாரியில் உப்பு கரைந்தே இருக்கும். வெயில் வந்து ஈரம் காயும்போது உப்பு பளிங்காகத் திரண்டு, முன்னால் நிற்கிற எதையும் தள்ளும். சுண்ணாம்புப் பூச்சு மெத்து, ஈரத்தை விட்டுவிடும், தானும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து கல்லைக் காப்பாற்றும். சீமெந்து விடாது. ஈரத்தடை என்று மேலும் மேலும் பூசியதால்தான் உப்பு முழங்காலிலிருந்து இடுப்புக்கு வந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் கனடாவில். வாட்ஸ்அப்பில் சுவரைக் காட்டினோம். அவர் சின்ன வயதில் இதே அறையில் படுத்தவர். "அந்தச் சுவர் எப்பவும் வெள்ளைத் தூள் கொட்டும், அம்மா விளக்குமாறோடை நிப்பா" என்று சிரித்தார். பாதிச் செலவு அவர், பாதி நாங்கள் என்று முடிவானது. மேசன் ஐயா பின்முற்றத்தில் நீல நிற பிளாஸ்ரிக் பீப்பா ஒன்றை வைத்துச் சுண்ணாம்பு நீற்றினார். சுட்ட கல்லைத் தண்ணீருக்குள் போட்டபோது பீப்பா கொதித்தது. உண்மையாகவே கொதித்தது, குமிழி பறந்து ஆவி வந்தது. மாடிவீட்டுப் பிள்ளையை அந்தப் பக்கம் விடாமல் அம்மா காவல் இருந்தார். ஆறு கிழமை ஊறவிட்டார். அதற்குள் நான்கு தரம் போன் எடுத்து "இன்னும் இல்லையோ ஐயா?" என்று கேட்டிருப்பேன். "தயிரை அவசரப்படுத்தலாமோ பிள்ளை" என்பார்.

சீமெந்து முழுவதையும் கல் தெரியக் கொத்தி எடுத்தார்கள். அந்தக் கிழமை முழுக்கப் படுக்கை விறாந்தையில். வெறுங்கல்லாக நின்ற சுவரில் முருகைக்கல்லின் பூ வடிவமும் இடைக்கிடை சிப்பியும் தெரிந்தன. கடலில் முருகைக்கல் எடுப்பது இப்போது சட்டப்படி தடை, இனி இப்படியொரு சுவரை யாரும் கட்ட முடியாது. அதன்மேல் சுண்ணாம்பும் கழுவிய மணலும், பனங்கட்டி கரைத்த தண்ணீர் கொஞ்சமும் சேர்த்து மூன்று படை. ஒவ்வொரு படைக்கும் நடுவில் நாள்கணக்கில் காத்திருப்பு. அறை ஒரு மாதம் ஈரச் சுண்ணாம்பு மணத்தது, அதில் பனங்கட்டி வாசமும் லேசாக.

இப்போது அந்தச் சுவர் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும். பங்குனியில் கொஞ்சம் உப்பு வரும், காய்ந்த பிரஷ்ஷால் கூட்டினால் போய்விடும், தண்ணீர் தொட்டுத் துடைக்கவே கூடாது. ஆனால் ஈரம் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. மற்ற மூன்று சுவர்களிலும் இன்னும் அந்த இமல்ஷன்தான். மேசன் ஐயாவுக்கு முழங்கால் வருத்தம், சுகமானதும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சரி, கிணறு. நடுமுற்றத்தில் வட்டமாகக் கல் கட்டிய பழைய கிணறு ஒன்று. அதைத் தூர்க்காமல் விட்டார்கள், நல்லது. ஆனால் மேலே தடித்த கண்ணாடி போட்டு மூடி, உள்ளே நீல வெளிச்சம் பூட்டி வைத்திருந்தார்கள். விளம்பரப் படங்களில் முதலாவது படமே அதுதான். அம்மா குடிவந்த அன்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கிணத்துக்கு ஆரும் கண்ணாடி போடுவினமோ? மீன் வளக்கப் போகினமோ?"

ஒரு வருடம் அந்த நீல வெளிச்சம் எரிந்தது. அதற்குரிய கரண்ட் காசு பொதுச் செலவில் எங்கள் தலையிலும் விழுந்தது. பிறகு 2022 வந்தது. டொலர் இல்லை, டீசல் இல்லை. மார்ச் 31ஆம் திகதி நாடு முழுக்கப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு. கட்டடத்துக்கென்று ஒரு ஜெனறேற்றர் இருந்தது, அதற்கு ஊற்ற எண்ணெய் இல்லை. மோட்டர் ஓடாததால் மேல்தாங்கி வற்றிவிட்டது. இரண்டாம் நாள் இவரும் மாடிவீட்டு அண்ணையும் இன்னும் இரண்டு பேருமாகக் கண்ணாடியைத் தூக்கி மதிலில் சாத்தினார்கள். அம்மா கடையில் கயிறும் வாளியும் வாங்கி வரச் சொன்னார். நாலு வீட்டுச் சனமும் அந்தக் கிணற்றில் அள்ளித்தான் குளித்தது. உவர்த் தண்ணீர்தான், சோப் நுரைக்காது, ஆனால் கக்கூசுக்கும் தரை கழுவவும் குளிக்கவும் அதைவிட வேறென்ன வேண்டும்.

அந்த நாட்களில்தான் வீட்டின் மற்றக் குறையும் வெளிச்சத்துக்கு வந்தது. ஏசிக்காகப் படுக்கை அறைகளின் மேல்ஜன்னல்களை, அதாவது கதவுக்கு மேலே காற்றுப் போக விட்டிருந்த மரச்சட்ட இடைவெளிகளை, கண்ணாடி வைத்து அடைத்திருந்தார்கள். கரண்ட் இல்லாத பங்குனி இரவில் அந்த அறை போறணை. விறாந்தையோ தெற்கே பார்த்தது, கடல் பக்கம். வைகாசியில் சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்பியதும் அங்கே படுத்தவர்களுக்குப் போர்வை தேவைப்பட்டது. கட்டியவன் காற்றை அறிந்து கட்டியிருக்கிறான், திருத்தியவர் காற்றை அடைத்துவிட்டு மெஷினை விற்றிருக்கிறார். அந்த வருடமே தச்சரைப் பிடித்து இரண்டு அறைகளின் கண்ணாடியையும் எடுப்பித்து நுளம்புவலை அடித்தோம். ஏசியை இப்போது சித்திரையில் மட்டும் போடுகிறோம். மாதம் 180 அலகைத் தாண்டினால் ஆக உயர்ந்த கட்டணப் படிக்குப் போய்விடுவோம் என்ற பயமும் ஒரு காரணம். ஏசியின் வெளிப்பெட்டியோ உப்புக் காற்றில் இரண்டரை வருடத்தில் அடிச்சட்டம் அரித்து ஒரு பக்கம் சரிந்தது. படிக்கட்டின் எவர்சில்வர் கைபிடியிலும் தேத்தண்ணிக் கறை மாதிரித் துரு.

எழுதலாமோ விடலாமோ என்று யோசித்த விசயம் ஒன்றும் இருக்கிறது. எங்கள் வரவேற்பறையின் ஒரு சுவரில் ஷெல் சிதறல் பட்ட காயங்கள் உண்டு, கையகல இடத்தில் ஏழெட்டு. மற்ற இடமெல்லாம் பூசியவர்கள் அந்தச் சதுரத்தை மட்டும் அப்படியே விட்டு, மேலே ஒரு சின்ன விளக்கும் பூட்டியிருந்தார்கள். வந்து பார்க்கும் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு அது பிடிக்குமாம். அம்மா 1995 ஐப்பசிக் கடைசியில், சண்டையில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, என்னைத் தூக்கிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தால் நடந்து போனவர். குடிவந்த மூன்றாம் நாள் நகைக்கடை நாட்காட்டி ஒன்றைக் கொண்டுவந்து அந்தச் சதுரத்தின் மேல் மாட்டினார். ஆணி அடிக்கத் தேவைப்படவில்லை, ஓட்டை ஏற்கெனவே இருந்தது. விளக்கு இப்போது நாட்காட்டிக்கு எரிகிறது, திதி பார்க்க வசதி.

பொதுச் செலவு மாதாமாதம் தனி. ஒரே ஒரு மாடிக்கு லிஃப்ட் வைத்திருக்கிறார்கள், கீழே இருக்கிற நாங்களும் அதற்குக் காசு கட்டுகிறோம். இதைப் பற்றி இரண்டு கூட்டம் நடந்தது, இரண்டிலும் தேத்தண்ணி நல்லாயிருந்தது. இப்படியான வீடொன்றை வாங்க நினைக்கிறவர்கள், வாடகைக்கு எடுப்பவர்களைவிட நூறு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். 1973ஆம் ஆண்டு 11ஆம் இலக்க அடுக்குமாடி உடைமைச் சட்டத்தின்கீழ் முறையாகப் பிரித்துப் பதிந்த உறுதியா, அல்லது பிரிக்கப்படாத பங்கை "வீடு" என்று விற்கிறார்களா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள். பிரிக்கப்படாத பங்கென்றால், யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவித்துக் கேட்கவேண்டிய முறை இருக்கிறது. இந்தத் தெருக்களில் ஒரு வீட்டுக்கு ஏழு பங்காளிகள் என்றால், ஒருவர் கனடா, ஒருவர் பாரிஸ், ஒருவர் எங்கேயென்றே தெரியாது.

மற்றபடி காலையில் பேராலய மணி, கொஞ்சம் பிந்திக் குருநகர்ப் பக்கமிருந்து சைக்கிளில் வருகிற மீன்காரரின் ஹோர்ன், பின்னேரம் நடந்தே கோட்டை மதில். மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், எங்கள் விறாந்தை மூன்று படி உயரம் என்பதால் இதுவரை உள்ளே வரவில்லை. இன்ரநெற் குறை சொல்ல முடியாது. கார் விட ஒரே இடம்தான், அதற்கும் மாடிக்காரரோடு முறை வைத்திருக்கிறோம்.

போன மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வந்தது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டோம். எங்கள் பக்கத்தில் இரண்டு நிபந்தனை எழுதுவித்தேன்: மற்ற மூன்று சுவர்களின் சீமெந்தையும் எடுக்க அனுமதி, கிணற்றுக்குக் கண்ணாடி திரும்பப் போடுவதில்லை. இரண்டாவதற்குப் பராமரிப்புக்காரர் முகம் சுளித்தார், விளம்பரப் படம் மாற்ற வேண்டுமே என்று. கண்ணாடி இன்னும் மதிலோடுதான் சாத்தியிருக்கிறது. அதன் பின்நிழலில் அம்மா கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறார், நல்லாய்ப் பிடித்துவிட்டது.